பாங்கு நேரத்துப் பராமரிப்பு

பட்டியலின் கடைசி வரியில் வகீஹ் தன் பெயரைக் கண்டான். அதே வரியில் அது இரண்டு தடவை இருந்தது.

வகீஹ் ஸுப்ஹி அப்துல்மக்ஸூத் தெஸூக்கி என்று இடப்பக்கம். எழுத்துப் பிசகாமல் அதையே வலப்பக்கம். பிறந்த தேதியும் ஒன்று, பிறந்த இடமும் ஒன்று. கெய்ரோவில் முஹம்மது அஹ்மதுகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு திரிகிறார்கள், அவர்களில் நூறு பேர் இரட்டையாகப் பதிவாவதில் அதிசயம் இல்லை. ஆனால் தன் பெயர், அப்பன் பெயர், பாட்டன் பெயர், பூட்டன் பெயர் என்று இந்த நாலையும் இதே வரிசையில் சுமக்கிற இன்னொருத்தன் இருக்க வாய்ப்பே இல்லை. வகீஹ் சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எந்தக் கழுதை ரெண்டு தடவ தட்டிச்சோ" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தான்.

மற்றவர்களைக் கழுதை என்பது அவனுக்குத் தண்ணீர் குடிப்பதுபோல. நோன்பு நாளில் தண்ணீரைக்கூட விட்டுவிடுவான், இதை விடமாட்டான்.

துக்கி என்ற வட்டாரத்தில் மருத்துவக் காப்பீட்டு அட்டை வழங்கும் ஒரு நிறுவனத்தின் டேட்டாபேஸ் முழுவதும் அவன் பொறுப்பில் இருந்தது. ஒன்பது லட்சம் அட்டைக்காரர்கள். அங்கே வேலை செய்பவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் அதில் அடக்கம். கட்டிடத்தில் எல்லாரும் அவனைப் பாஷ்முஹந்திஸ் என்பார்கள், இன்ஜினியர் ஐயா என்று அர்த்தம். இஸ்திரி போட்ட சட்டையோடு போகிற எவனையும் இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அவனுக்கு உறைத்ததே இல்லை.

டேட்டாபேஸ் என்றால் அன்றாடம் செய்தாகவேண்டிய எடுபிடி வேலைகள் உண்டு. நகல் எடுக்க வேண்டும், நிரம்பி வழியும் பழைய குறிப்புகளைக் கழிக்க வேண்டும், தேடல் அட்டவணைகளை மறுபடி கட்ட வேண்டும், ஒரே ஆள் இரண்டாகப் பதிவாகியிருந்தால் ஒன்றாக்க வேண்டும். முன்பு இதற்கு நாலு பேர் இருந்தார்கள். வகீஹ் கணினிக்கு ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி அந்த நாலு பேரையும் வீட்டுக்கும் மூலை மேஜைக்கும் அனுப்பினான். அது தினமும் தானே கிளம்பும், தானே முடிக்கும். மற்ற மாதங்களில் விடியற்காலையில் ஓடும், ரமலானில் மட்டும் அந்தியில் மக்ரிப் பாங்குக்கு ஓடும். அதைவிட ஓய்ந்த நேரம் இந்த ஊருக்குக் கிடையாது. நோன்பு திறக்கச் சொல்லி ரேடியோவில் பீரங்கி வெடித்த அடுத்த நொடியிலிருந்து அரைமணி நேரம் எந்த மருத்துவமனையிலும் எந்த மருந்துக்கடையிலும் ஒரு விரல்கூட விசைப்பலகையைத் தொடாது. எல்லா விரலும் பேரீச்சம்பழத்தில் இருக்கும். சூரியன் மறையும் நேரப் பட்டியலையே ஸ்க்ரிப்டுக்குள் ஏற்றிவிட்டான். "நீங்க சூப்பு குடிச்சு முடிக்கிறதுக்குள்ள என் வேலை முடிஞ்சிடும்" என்று மேலாளரிடம் பெருமை அடித்துக்கொண்டான்.

இரட்டைப் பதிவுதான் அதில் வில்லங்கமான வேலை. இருபது வருடம் அதைப் பார்த்தவள் மதாம் அஃபாஃப். தாயின் பெயரை வெளியாளிடம் சொல்ல இந்த ஊர் ஆண்களுக்கு நாக்கு வராது. சொன்னால் மானம் போய்விடும் என்று நினைப்பார்கள். படிவத்தில் அந்தக் கட்டம் வந்தால் பாதிப் பேர் கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இரண்டு பதிவும் ஒரே ஆளா, வேறு வேறு ஆளா என்று தீர்மானிக்க அந்த ஒரு பெயரை விட்டால் நாதியில்லை. மதாம் அஃபாஃப் வீட்டுக்குப் போன் போடுவாள். ஆண் எடுத்தால், "வீட்டுல பொம்பளைங்க யாராச்சும் இருந்தா குடுங்க" என்பாள். மனைவியிடமோ தங்கையிடமோ வெங்காய விலை பேசி, முழங்கால் வலி பேசி, முடிவில் பெயரை வாங்கிவிடுவாள். இப்படி ஒரு நாளைக்கு ஒன்பது ஜோடியைத் தீர்ப்பாள். ஸ்க்ரிப்ட் ஒன்பது நிமிடத்தில் நாற்பதைத் தீர்த்தது.

அது யாரையும் கேட்பதில்லை, புள்ளிதான் போடும். விவரம் முழுதாக இருந்தால் புள்ளி, பதிவு புழக்கத்தில் இருந்தால் புள்ளி, தாய் பெயர் அட்டை வைத்திருக்கும் ஒரு பெண்ணோடு பொருந்தினால் மொத்தமாக இருபது புள்ளி. இரண்டு பதிவுக்கும் இருபதுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பெரியது நிற்கும், சின்னது அதற்குள் கரைந்துவிடும். குமாஸ்தாக்களின் விரல்மேல் வகீஹுக்கு நம்பிக்கை கிடையாது. ஆகவே கையால் அழித்த எதையும் மறுநாள் காலை ஸ்க்ரிப்ட் திரும்பக் கொண்டுவந்துவிடும். பகல் பன்னிரண்டுக்கு அன்றைய பட்டியல் பூட்டிக்கொள்ளும். அதன்பின் எந்த மனிதக் கையும் அதைத் தொடமுடியாது. அவன் கையும்தான். தன் கையை ஏன் சேர்த்தான் என்றால், தணிக்கைக்கு வருகிறவர்களிடம் காட்டிப் பீற்றிக்கொள்ளத்தான்.

இடப்பக்கப் பதிவு அவனுடையது. நாற்பத்தெட்டுப் புள்ளி. தாய் பெயர் ஷாஹிநாஸ். வலப்பக்கத்துக்கு முப்பத்தொன்றுதான். அதில் தாய் பெயர் மப்ரூக்கா.

வகீஹின் சிரிப்பு நின்றது.

மப்ரூக்கா என்பவள் இம்பாபா சந்தையில் ஈரச்சாக்கு விரித்து, கீரையும் முள்ளங்கியும் விற்று இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவள். ஷாஹிநாஸ் என்று ஒருத்தி கிடையவே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்று, கோடு போடாமல் தாயின் பெயரைத் தைரியமாக எழுதிய ஒரே ஆண்பிள்ளை என்று நிர்வாகப் பிரிவுப் பெண்கள் இவனை வியந்தார்கள். அதுவும் பாஷா வீட்டுப் பெயர், துருக்கிச் சாயல் அடிக்கிற பெயர். பெற்றவளையே மாற்றி எழுதியவனுக்கு முற்போக்காளன் என்று பட்டம் கிடைத்தது, அவனும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டான். அசல் பெயர் இந்தக் கட்டிடத்தில் ஒருவருக்கும் தெரியாது. ரமலான் பிறந்து பதினெட்டு நாளாகியும் அவன் இம்பாபா பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. போன ரமலானிலும் போகவில்லை. அந்தத் தெருவின் வாடை சட்டையில் ஒட்டிக்கொள்ளுமாம்.

வலப்பக்கப் பதிவை அழித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

மறுநாள் காலை கீழ்வாசலில் காவலாளி பய்யூமி அவனைப் பார்த்துப் பாதி எழுந்து நின்றான்.

"என்ன பாஷ்முஹந்திஸ், இப்பத்தான மேல போனீங்க?"

"கண்ண டாக்டர்கிட்ட காட்டுய்யா. அட்டைதான் ஓசியில குடுத்திருக்கோமே."

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஸலாம் சொல்லிட்டுப் போனீங்க, புள்ளைங்க எப்படின்னு கேட்டீங்க. எட்டு வருஷத்துல மொத தடவ. அத எப்படி மறப்பேன்?"

கழுதை, நோன்பு மயக்கம் என்று நினைத்துக்கொண்டு வகீஹ் மேலே போனான். ஆறாவது மாடி நடைவழியில் குளிர்சாதனப் பெட்டி வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது, ஜன்னல் திரைகள் வழக்கம்போலப் பாதி இறங்கியிருந்தன, ஆனால் அவன் தன் அறைக்கதவைத் திறந்ததும் மூடிய அறையின் வெதுவெதுப்போடு வேறொன்றும் மூக்கில் ஏறியது: அதிகாலையில் தண்ணீர் தெளித்துக் கட்டிவைத்த கீரைக்கட்டின் பச்சை வாடை, அதற்கு அடியில் நனைந்த சாக்கின் புழுங்கல், அதற்கும் அடியில், மிக மெலிதாக, யாரோ ஒருவர் நெடுநேரம் உட்கார்ந்து எழுந்துபோன உடம்பின் மணம். அது அவன் பூசுகிற வாசனைத் திரவியத்தின் மணம்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். இருக்கை சூடாக இருந்தது.

அவன் சட்டென்று எழுந்துவிட்டான். பிறகு தன்மேலேயே எரிச்சல் வந்து, அதே சூட்டின்மேல் வேண்டுமென்றே அழுத்தி உட்கார்ந்தான்.

பதிவு திரும்ப வந்திருந்தது. அது அவன் வைத்த விதி, எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது புள்ளி. நேற்று முப்பத்தொன்று, இன்று அறுபது. இரத்த வகை ஏறியிருந்தது. அவசரத்துக்குத் தகவல் சொல்லத் தங்கை நாஹிதின் எண் ஏறியிருந்தது. ஜனவரியிலிருந்து மாதம் இரண்டு முறை, இம்பாபா கிளினிக்கில் தாய் மப்ரூக்காவின் முழங்கால் சிகிச்சைக்கு உடன் வந்த மகன் என்று கையெழுத்தோடு குறிப்புகள். ஜனவரியில் நாஹித் போனில் கெஞ்சியது அவனுக்கு நினைவிருந்தது. "கூட்டம் இருக்கு, டாக்ஸி புடிச்சுப் போங்க" என்று வெட்டிவிட்டிருந்தான். கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். கடைசி எழுத்தின் வாலை இடப்பக்கம் இழுத்துவிடுகிற பழக்கம் அவனுக்கு மட்டும் உண்டு. அந்த வால் அங்கே இருந்தது.

அவனுக்குப் பயம் வந்தது. பயத்தைக் கோபமாக்கிக்கொள்ள அவனுக்குத் தெரியும். நேராக மூலை மேஜைக்குப் போனான். மதாம் அஃபாஃப் கோப்பு அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சின்னக் குர்ஆனை ஓதிக்கொண்டிருந்தாள். அவன் நிழல் விழுந்ததும் மூடிவைத்தாள்.

"எங்கம்மா பேர யார்கிட்ட கேட்டு வாங்குனீங்க?"

"உங்கம்மா பேருதான் ஊருக்கே தெரியுமே. ஷாஹிநாஸ் ஹானிம், பாஷா வீட்டம்மா."

"விளையாடாதீங்க மதாம். என் பேர்ல இன்னொரு பதிவு போட்டிருக்கீங்க."

"எதுல போட? கீபோர்டத்தான் மூணு மாசம் முன்னாடி புடுங்கிட்டுப் போயிட்டீங்களே." அவள் வெறும் மேஜையைக் கையால் தடவிக் காட்டினாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள், குரல் தணிந்தது. "நெசமாவே ரெண்டு வந்திருக்கா?"

அவன் கோப்பு அலமாரியின் கைப்பிடியைத் திருகினான்.

"நானா இருந்தா வீட்டுக்குப் போன் போட்டிருப்பேன். பெத்தவகிட்டயே கேட்டிருப்பேன், இதுல உங்க புள்ள எதுன்னு. உங்க மிஷின் எத வெச்சுச் சொல்லும்?"

"எது முழுசா இருக்கோ, எது புழக்கத்துல இருக்கோ, அது."

"அப்ப உங்களுக்குக் கஷ்டம்தான், பாஷ்முஹந்திஸ்."

அவள் குத்திக்காட்டவில்லை, மனதாரச் சொன்னாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"ஒரு போன் போடட்டுமா? நம்பர் குடுங்க."

"உங்க வேலையப் பாருங்க."

"வேலை இருந்தாத்தான?" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி ஓதத் தொடங்கினாள்.

மூன்றாம் நாள் காலை பய்யூமி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கணம் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன்னையே சந்தேகப்பட்டவனாகக் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். அறையில் கீரை வாடை முன்னைவிடக் கனத்திருந்தது. நாற்காலியின் உயரம் தணிக்கப்பட்டிருந்தது. வகீஹ் எப்போதும் நாற்காலியை உயர்த்தியே வைப்பான், எதிரே நிற்பவன் தன்னை அண்ணாந்து பார்க்கவேண்டும் என்று. யாரோ அதைச் சாதாரண உயரத்துக்கு இறக்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அறுபத்தேழு. வித்தியாசம் பத்தொன்பது. இன்னும் இரண்டு புள்ளி ஏறினால் அந்தியில் ஸ்க்ரிப்ட் அவனைக் கேட்காமல் முடிவெடுக்கும்.

மருந்து அவனுக்குத் தெரிந்ததுதான். தாய் பெயர்க் கட்டத்தில் ஷாஹிநாஸை எடுத்துவிட்டு மப்ரூக்கா என்று எழுதினால் போதும். தங்கையின் குடும்ப அட்டையில் மப்ரூக்கா இருக்கிறாள், பெயர் பொருந்தும், அவன் பதிவுக்கும் இருபது புள்ளி ஏறும், இருவரும் கிட்டத்தட்டச் சமமாகிவிடுவார்கள், ஸ்க்ரிப்ட் கையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஜோடிக்குப் போய்விடும். ஒரே ஒரு சொல் எழுதினால் வேலை தீர்ந்தது. ஆனால் பெருநாளைக்கு ஊழியர்களின் குடும்ப அட்டைகள் புதிதாக அச்சாகப் போகின்றன, நிர்வாகப் பிரிவுப் பெண்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து உறைக்குள் போடுவார்கள். மப்ரூக்கா! கோழி வளர்க்கிறவள் பேர், தண்ணீர்க்குடம் சுமக்கிறவள் பேர். பதினொன்றரைக்குக் கட்டத்தில் ஷாஹிநாஸை அழித்துவிட்டு 'மப்' என்று இரண்டு எழுத்து அடித்தான். பின்னால் நடைவழியில் இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். அவனைப் பார்த்துக்கூடச் சிரிக்கவில்லை. இருந்தும் அவன் காது சிவந்தது. அந்த இரண்டு எழுத்தை அழித்துவிட்டு ஷாஹிநாஸையே மீண்டும் எழுதினான்.

"பத்தொம்பதுதான" என்று முணுமுணுத்தான். இன்று மட்டும் கடந்தால் போதும், நாளைக்கு இந்தச் சனியனின் வேரைப் பிடுங்கலாம்.

இருப்பினும் மனம் ஆறவில்லை. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நாஹிதுக்குப் போன் செய்தான். போன வருடம் பெருநாளுக்குப் பிறகு இப்போதுதான்.

"என்னண்ணே?" நாஹித் சிரித்தாள். பின்னணியில் குழந்தை அழுகை, யாரோ பெயர் கூப்பிடும் ஒலிபெருக்கி. "டாக்டர் ரூமுக்குள்ள இருந்துக்கிட்டே போன் பண்றியா? டோக்கன் என்கிட்டதான் இருக்கு, பயப்படாத."

"எந்த டாக்டர்? எங்க இருக்கே நீ?"

"என்ன கேக்குற? கிளினிக்லதான். அம்மாவ கைத்தாங்கலா உள்ள கூட்டிட்டுப் போயி ரெண்டு நிமிஷம்கூட ஆகல."

"நாஹித், நான் ஆபீஸ்ல இருக்கேன்."

"போண்ணே, நோன்பு நேரத்துல விளையாட்டு. இந்த ரெண்டு வருஷமாத்தான் உனக்கு இப்படி விளையாடவே வருது." கதவு திறக்கும் சத்தம். அவள் குரல் போனைவிட்டு விலகியது. "இதோ வந்துட்டியே! அப்ப போன்ல யாரு?"

அதன்பின் யாரோ போனை அவள் கையிலிருந்து வாங்கினார்கள். பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நிதானமான மூச்சு, மூக்கின் இடப்பக்கம் லேசாக அடைத்துக்கொண்ட மூச்சு. வகீஹுக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கின் இடப்பக்கம் அடைப்பு உண்டு. லைன் துண்டிக்கப்பட்டது.

திரையில் அறுபத்தேழு அறுபத்தொன்பதாக மாறியது.

வகீஹ் விசைப்பலகைமேல் பாய்ந்தான். தாய் பெயர்க் கட்டத்தைத் திறந்தான். கட்டம் சாம்பல் நிறமாகிக் கிடந்தது, அதன்மேல் ஒரு வரி: 'இந்தப் பதிவை வகீஹ் தெஸூக்கி திருத்திக்கொண்டிருக்கிறார். சற்றுப் பொறுக்கவும்.' அவன் வெளியேறி மறுபடி நுழைந்தான். அதே வரி. இன்னொரு கணினியில் முயன்றான். அதே வரி. மப்ரூக்கா, மப்ரூக்கா என்று ஏற்றுக்கொள்ளாத கட்டத்தில் அடித்துக்கொண்டே இருந்தான், வாயாலும் சொன்னான், அறைக்கு வெளியே எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னான். பன்னிரண்டு அடித்தது. பட்டியல் பூட்டிக்கொண்டது.

மூன்று மணிக்கு அலுவலகம் காலியானது. சர்வர்கள் ஊருக்கு வெளியே வாடகைக் கட்டிடத்தில் இருந்தன. அங்கே போன் போட்டு, மின்சாரத்தையே துண்டிக்கச் சொன்னான்.

"நீங்க யாரு பேசறது?" என்றான் அங்கிருந்தவன்.

"வகீஹ் தெஸூக்கி."

"பாஷ்முஹந்திஸ் வகீஹ் இப்பத்தான் பேசி வெச்சாரு. எவனாச்சும் என் பேரச் சொல்லி நிறுத்தச் சொல்லுவான், கேக்காதீங்கன்னாரு." அவன் சற்று நிறுத்தி, "ரொம்ப மரியாதையா பேசினாரு" என்று வேறு சேர்த்துக்கொண்டான்.

மணி நாலு, ஐந்து என்று ஏறியது. வகீஹ் ஓடிப்போயிருக்கலாம், எங்கே என்று தெரியவில்லை. ஒன்பது லட்சம் பேரைத் தன் சட்டைப்பையில் வைத்திருப்பதாக நினைத்தவனுக்கு, கூப்பிட்டுப் பேச ஒரு பெயர் அகப்படவில்லை. போனில் எண்கள் கீழே ஓடின. மேலாளன், கழுதை. பக்கத்து அறை அஷ்ரஃப், கழுதை. யாரிடம் போய், நான்தான் நான் என்று சாட்சி சொல்லச் சொல்வது?

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மஞ்சளிலிருந்து பழுப்புக்கு இறங்கியது. கீழே கடைசி நேர அவசரத்தில் கார்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன. பிறகு ஹாரன்கள் குறைந்தன, எங்கோ தூரத்தில் மட்டும் ஒன்று, பிறகு அதுவும் ஓய்ந்தது. அவ்வளவு பெரிய ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்பதாக அவனுக்குத் தோன்றியது, நடைவழியின் கடைசியில், ஈரமான எதையோ ஒவ்வொரு கட்டாக எடுத்துத் தரையில் வைப்பதுபோல. எழுந்து பார்க்கவில்லை. கீரை வாடை தொண்டைவரை ஏறியது.

ஆறு மணி நாலு நிமிடம்.

பக்கத்துக் கட்டிடத்தில் ரேடியோ. ஓதல் முடிகிறது.

ஆறு மணி ஐந்து.

பீரங்கி.

எல்லாத் திசையிலிருந்தும் பாங்கு ஒரே நேரத்தில் எழுந்தது. திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. நகல் எடுக்கப்பட்டது. பழைய குறிப்புகள் கழிக்கப்பட்டன. அட்டவணைகள் கட்டப்பட்டன. எவ்வளவு நேர்த்தி. அவனே எழுதியது. முதல் ஜோடி. பத்தாவது ஜோடி. முப்பது. நாற்பது.

கடைசி ஜோடி.

நின்றது ஒன்று. கரைந்தது ஒன்று.

வலிக்கவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் கொடுமை. திரை அவனை வெளியே தள்ளிவிட்டுப் பெயர் கேட்டது. அடித்தான். அப்படி ஒருவர் இல்லை என்றது. மறுபடி அடித்தான். இல்லை.

அறை விளக்கு அணைந்தது. ஆள் நடமாட்டம் இருந்தால் எரியும் விளக்கு அது. கையை வீசினான். எரியவில்லை. குதித்தான். எரியவில்லை. நடைவழியில் ஓடினான், தலைக்குமேல் ஒரு விளக்குகூடக் கண் திறக்கவில்லை. ஆறு மாடியும் இருட்டில் சுவரைத் தடவி இறங்கினான்.

கீழே பய்யூமி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். "பய்யூமி!" வகீஹ் மேஜையைத் தட்டினான். "பய்யூமி, நான் யாரு? சொல்லு! உன்னக் கும்புட்டுக் கேக்குறேன்!" பய்யூமி தண்ணீர்க் கோப்பை ஆடுவதைப் பார்த்தான், திறந்துகிடந்த படிக்கட்டுக் கதவைப் பார்த்தான், "காத்து" என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய் அதைச் சாத்தினான்.

கார்ச்சாவி இருந்தது. கார் கிளம்பியது. நைல் ஓரச் சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை; சிக்னலில் மட்டும், வீடு சேராத வண்டிகளுக்குப் பேரீச்சம்பழமும் சாறும் கொடுக்க வழக்கம்போல ஆட்கள் நின்றார்கள். முன்னால் போன டாக்ஸியின் ஜன்னலுக்குள் ஒரு பொட்டலம் விழுந்தது. வகீஹ் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினான். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் அவனைத் தாண்டி நடந்து, பின்னால் வந்த மைக்ரோபஸ்ஸுக்கு இரண்டு பொட்டலம் கொடுத்தார். பிச்சைக்காரனுக்கும் போலீஸ்காரனுக்கும் அந்த நேரத்தில் கிடைக்கும் பழம் அது. வகீஹ் அழுதுகொண்டே வண்டியை ஓட்டினான்.

இம்பாபா. தெருவிளக்கு. பூண்டு வதங்கும் மணம். படிக்கட்டு. மூன்றாம் மாடி. விருந்தாளி வந்தாலும் வரட்டும் என்று கதவு ஒருக்களித்திருந்தது.

தாழ்ந்த வட்ட மேஜை. நாஹித், அவள் புருஷன், பிள்ளைகள். முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். வகீஹ் அன்று போட்டிருந்த அதே நீலச் சட்டை, கை மட்டும் முழங்கைவரை சுருட்டியிருந்தது. எல்லாரும் ஏதோ அவன் சொன்னதற்குச் சிரித்தார்கள். மப்ரூக்கா வாத்துக் கறியைக் கையால் பிய்த்து அவன் வாயில் ஊட்டினாள்.

"அம்மா!"

யாரும் திரும்பவில்லை. மப்ரூக்கா மட்டும் திரும்பினாள்.

அவள் பார்வை அவனைத் தாண்டிப் போகவில்லை. அவன்மேலேயே நின்றது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, விந்தி விந்திக் கதவருகே வந்தாள். எண்ணெய் மினுங்கும் கையால் அவன் கன்னத்தைத் தொட்டாள். இரண்டு வருடத்தில் அவனைத் தொட்ட முதல் கை.

"அம்மா, நான்தாம்மா. நான்தான் வகீஹ்."

"தெரியும்டா. பெத்தவளுக்குத் தெரியாதா?"

அவனுக்கு உயிர் திரும்பியது. உள்ளே காலெடுத்து வைத்தான். அவள் உள்ளங்கை அவன் நெஞ்சில் இருந்தது, பலமாக.

"சத்தம் போடாத கண்ணு," என்றாள் மெல்லிய குரலில். "அவன் இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

அவள் இரண்டு கையாலும் கதவைச் சாத்தினாள். மேல்தாழ் விழுந்தது. கீழ்த்தாழ் விழுந்தது.

வகீஹ் கதவில் நெற்றியை வைத்து நின்றான். கீழே, கதவுக்கும் தரைக்கும் இடையில் ஒரு விரல் உயரத்துக்கு வெளிச்சம் கசிந்தது. அந்த வெளிச்சத்தில் இரண்டு நிழல்கள் வந்து நின்றன. குனிந்து பார்த்தான். வெறுங்கால்கள். வலது கால் சுண்டுவிரல் இடுக்கில் அவனுக்கு இருக்கிற அதே மச்சம். அவன் காலணியின் நுனிக்கு நேர் எதிரே, நுனியோடு நுனி, நகராமல் நின்றன.

உள்ளேயிருந்து மப்ரூக்காவின் குரல் கேட்டது.

"வகீஹ், ஆறிப்போகுதுப்பா. வா."

வகீஹ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு அசைந்தது, உதடு அசைந்தது.

"இதோ வந்துட்டேம்மா" என்று அவன் குரல் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.